அலாஸ்கன் மில் மார்க் 4: வாங்கலாமா என்பதை ரௌட்டர் ஸ்லெட் சொல்லும்

கிரான்பர்க் நிறுவனத்தின் அலாஸ்கன் மில், மார்க் 4, 36 அங்குல அளவு. பெயரில் மில் இருந்தாலும் இதில் மோட்டாரும் இல்லை, வாளும் இல்லை. செயின்சாவின் பாரை (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) இரண்டு முனையிலும் இறுகப் பிடித்துக்கொள்ளும் அலுமினிய, எஃகுச் சட்டகம்தான் இது. மேலே உள்ள தண்டுகள் மரத்தின் மேல் சறுக்க, அதே இடைவெளியில் கீழே செயின் அறுத்துக்கொண்டு போகும். பலகைக் கனத்தை அரை அங்குலத்திலிருந்து 13 அங்குலம் வரை வைக்கலாம். 36 அங்குல பார் போட்டாலும் அறுவை அகலம் 32 அங்குலத்தை ஒட்டித்தான் கிடைக்கும். மீதியை இரண்டு பிடிகளும் எடுத்துக்கொள்ளும்.

பலகை அறுபட்டு விழுந்த அன்றைக்கே இதற்கு மதிப்பெண் போடக்கூடாது. அது காய்ந்து, ரௌட்டரை (சுழலும் பிட்டால் மரத்தைச் சீவும் கைக்கருவி) தாங்கிக்கொண்டு இரண்டு தண்டவாளத்தின் மேல் நகரும் ஸ்லெட்டுக்கு அடியில் வந்து படுக்கும்போதுதான் அறுத்தவர் எங்கே அவசரப்பட்டார் என்பது தெரியும்.

காரணம் எளிமையானது. இந்த மில்லுக்குச் சொந்தமாக மட்டம் கிடையாது, முந்தின அறுவைதான் அடுத்த அறுவைக்கு மட்டம். முதல் அறுவையில் முறுக்கு இருந்தால் கடைசிப் பலகை வரைக்கும் அதே முறுக்கு இறங்கும். உருண்டை மரத்தின் மேல் முதலில் ஒரு நேர்ப்பாதை கட்டியாக வேண்டும். கிரான்பர்க்கே தனியாக விற்கும் ஈசி ரெயில் போடலாம், வளையாத அலுமினிய ஏணியும் போதும். இரண்டு முனையிலும் குறுக்கே ரசமட்டம் வைத்து ஒரே மாதிரி நிற்கிறதா பாருங்கள். நடுவில் தொங்கினால் ஆப்பு கொடுங்கள். ஏணியைப் பிடிக்கும் திருகாணிகளின் நுனி அறுவைக் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும், செயின் அதில் பட்டால் அன்றைய வேலை முடிந்தது. இந்த ஏற்பாட்டுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

அடுத்தது செயின். மரம் வெட்டும் சாதாரண செயினின் பற்கள் சுமார் 30 டிகிரியில் தீட்டப்பட்டிருக்கும். நெடுக்கு அறுவைக்கு 10 டிகிரி ரிப்பிங் செயின் வேண்டும். சாதாரண செயினும் அறுக்கும், ஆனால் மெதுவாக, பலகையில் வரிவரியாகத் தடம் விட்டு. இதைவிட மோசம், ஒரு பக்கப் பற்கள் மறு பக்கத்தைவிடக் குட்டையாகிப்போவது. பார் மேலேயோ கீழேயோ இழுக்கும், பலகை அலையடிக்கும். ஒவ்வொரு நீள அறுவைக்கும் பிறகு எல்லாப் பற்களுக்கும் அதே எண்ணிக்கையில் அரம் போடுங்கள். பாதி அறுவையில் மரம் பாரைக் கவ்வாமல் இருக்க, அறுத்த வாய்க்குள் இரண்டடிக்கு ஓர் ஆப்பு செருகுங்கள்.

36 அங்குல அளவுக்கு ஸ்டில் எம்.எஸ். 661 (91 சிசி), ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்.பி. (94 சிசி) வகை சா வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 58 சிசி, 22 அங்குல பார் சாவை வைத்திருப்பவர்கள் சிறிய அளவு மில்லை வாங்கி, 18 அங்குலத்துக்கு உட்பட்ட மரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடிய சாவை உடனே அணைக்காமல் அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

மரச் சேதாரம் அதிகம். செயின் தின்னும் அகலம் ஏறத்தாழ மூன்று நூல், 9 மி.மீ. இரண்டரை அங்குலப் பலகை அறுத்தால் மரத்தில் எட்டில் ஒரு பங்கு தூளாகப் போகும். மரமில்லின் பேண்ட்சா (பட்டை வாள்) இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தின்னும்.

முடிவில் 2 அங்குலம் வேண்டுமென்றால் இரண்டரை அங்குலம் அறுங்கள். முனைகளில் அன்றே பெயின்ட் அடித்து, ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் வைத்து, நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். அங்குலத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. ஈரமானி 12 சதவீதத்துக்குக் கீழே காட்டும் வரை ஸ்லெட்டில் ஏற்ற வேண்டாம்.

இனி ஸ்லெட். இதற்கு விலை கொடுத்து கிட் வாங்கத் தேவையில்லை. பக்கத் தண்டவாளம் இரண்டும் ஒரே தளத்தில் இருப்பதுதான் முக்கியம். நான்கு மூலைக்கும் குறுக்காக இரண்டு நூல் பிடியுங்கள், நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொட வேண்டும். நான்கடி அகல ஸ்லெட்டை வெறும் பிளைவுட்டில் செய்தால் ரௌட்டரின் எடையில் நடுவில் தொய்ந்து, பலகை குழியாகும். இருபுறமும் எல் ஆங்கிள் அடித்துவிடுங்கள். 2 அங்குல சர்ஃபேசிங் பிட் (பரப்பை மட்டமாக்கும் அலகு), அரை அங்குல ஷாங்க் (ரௌட்டருக்குள் செருகும் அதன் தண்டு), வேகம் 12,000 முதல் 16,000 ஆர்.பி.எம்., ஒரு முறைக்கு 2 மி.மீ. ஆழம்.

பலகையைத் தளத்தில் வைத்து மூன்று மூலை தொட, நான்காவது 12 மி.மீ. தூக்குகிறது என்று வையுங்கள். அப்படியே இழைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 12 மி.மீ. போய், 63 மி.மீ. பலகை 51 ஆகும். தூக்கும் மூலைக்கும் அதன் எதிர்மூலைக்கும் அடியில் 6 மி.மீ. துண்டு கொடுத்துச் சமப்படுத்தினால் போவது 6 மட்டும், 57 மிஞ்சும். ஏழடிப் பலகையில் 30 மி.மீ. நகர்த்தி ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 70 ஓட்டம். 12 மி.மீ. எடுக்க ஆறு சுற்று, 420 ஓட்டம். 6 மி.மீ.க்கு 210. முதல் அறுவையில் செலவழித்த அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு இங்கே தெரியும்.

லாரி போகாத தோப்பில் விழுந்த மரம், பேண்ட்சா வாய்க்குள் நுழையாத தூங்குமூஞ்சி அடிமரம், இவற்றுக்கு மார்க் 4 தாராளமாக வாங்கலாம். பக்கத்திலேயே மரமில் இருந்து, மரமும் இரண்டடிக்குள் இருந்தால் வேண்டாம்; கூலி கொடுத்து அறுப்பதே லாபம், பலகையும் நேராக வரும்.

ஒரு பக்கம் இழைத்த பலகையைத் தரையில் படுக்கப் போட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மேல்பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் காலையில் வளைந்திருக்கும். இரண்டு பக்கமும் காற்றோடும்படி சுவரில் சாய்த்து நிறுத்துங்கள்.