லே போகும் இரண்டு வழிகள்: ராத்திரி எங்கே படுப்பது?

லடாக்கின் லே நகருக்கு மணாலி வழியாகப் போகலாமா, ஸ்ரீநகர் வழியாகப் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முதல் ராத்திரி எங்கே டென்ட் போட்டுப் படுக்கப் போகிறீர்கள்? தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே 420, 430 கிலோமீட்டர், இரண்டுமே இரண்டு நாள் பயணம். வித்தியாசமெல்லாம் தூங்கும் உயரத்தில்தான்.

அழகில் மணாலி வழிக்கு ஈடு கிடையாது. 2020-இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் நுழையும்வரை பச்சைக் காடு. தாண்டிய கொஞ்ச நேரத்தில் லாஹௌலின் மொட்டை மலைகள். அப்புறம் சூரஜ் தால் ஏரி, 4,890 மீட்டரில் பரலாச்சா லா (லா என்றால் கணவாய்), 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸ், மலைகளுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர் நீளும் மோரே சமவெளி, கடைசியாக 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா.

சிக்கல் சர்ச்சுவில். பாதி வழியில் இருப்பதால் எல்லாரும் அங்கேதான் தங்குகிறார்கள். உயரம் சுமார் 4,290 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா உச்சியே 2,637தான். மணாலியில் 2,050 மீட்டரில் கண்விழித்தவர் அன்றிரவே சர்ச்சுவில் படுத்தால் உடம்பு என்ன செய்யும்? 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலையேறுபவர்களின் பாலபாடம்.

முதல் தடவை நான் அந்தத் தப்பைச் செய்தேன். சாயங்காலமே காற்று கிளம்பி, டென்ட் துணி விடிய விடிய அடித்துக்கொண்டது. இரண்டு ரஜாய் போர்த்தியும் பாதம் சூடாகவில்லை. கண் அசரும்போதெல்லாம் மூச்சுத் திணறி எழுப்பியது. கூட வந்த மச்சான் இரண்டு முறை வாந்தி எடுத்தார். காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன், மண்டை பிளந்துவிடும் போல வலி. உயரத்தால் வரும் இந்த மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவிலோ இறங்குவதற்கே ஏற வேண்டும்: ஒரு பக்கம் பரலாச்சா லா, மறுபக்கம் 5,000 மீட்டருக்கு மேல் லாச்சுங் லா. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

மணாலி வழிதான் என்று முடிவு செய்துவிட்டால் ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்குங்கள். 3,200 மீட்டர்தான், பாகா ஆற்றை ஒட்டியே கேம்ப்கள், ஆற்றுச் சத்தத்திலேயே தூக்கம் வரும். மூன்றாம் நாள் இருட்டோடு கிளம்பினால் சர்ச்சுவில் படுக்காமலே லே போய்ச் சேரலாம். வழியில் ‘தாண்டி’ என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பாமல் நகராதீர்கள்.

ஸ்ரீநகர் வழி உடம்போடு ஒத்துப்போகிறது. 1,585 மீட்டரில் தொடங்கி, முதல் ராத்திரி 2,700-ஐ ஒட்டிய சோன்மார்க் புல்வெளியில் டென்ட். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரும் சிந்துதான், ஆனால் ஜீலத்தில் கலக்கும் வேறு ஆறு அது. மறுநாள் 3,528 மீட்டர் சோஜி லாவைக் கடந்தால் திராஸ். அங்கே தோலோலிங் மலையடியில் 1999 போர் நினைவிடம். அப்புறம் சாலை 2,676 மீட்டரில் உள்ள கார்கிலுக்கு இறங்கிவிடும். இந்த வழியின் உச்சமே 4,108 மீட்டர் ஃபோட்டு லா. அதையும் தொட்டுவிட்டு லாமயூருவின் மஞ்சள் மண்குன்றுகளுக்கு இறங்கிவிடுகிறோம். இன்னொரு ராத்திரி டென்ட் வேண்டுமென்றால் உலேடோக்போவில், நிஜ சிந்து நதிக்கரையிலேயே கேம்ப் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சோஜி லா இன்னும் குறுகலான மண் பாதைதான்; எதிரே லாரி வரிசை, ஓரத்தில் பாதாளம். 2025 ஜனவரியில் திறந்த சோன்மார்க் சுரங்கம் கணவாய்க்கு முன்பே முடிந்துவிடுகிறது. கார்கிலில் பெரும்பாலும் லாட்ஜ்தான், டென்ட் ஆசை அங்கே நிறைவேறாது.

குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஸ்ரீநகர்தான். மற்றவர்களுக்கும் என் யோசனை: போகும்போது ஸ்ரீநகர், திரும்பும்போது மணாலி. லேயில் ஒரு வாரம் இருந்த உடம்புக்கு சர்ச்சு வேறு ஊர். இரண்டாம் தடவை நான் அப்படித்தான் திரும்பினேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஜிப்பைத் திறந்து, லேஸைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தலைவலி இல்லை. பால்வீதி மலை முகடுவரை இறங்கியிருந்தது. குளிர் மட்டும் அதே குளிர்தான். படுக்கும் முன் சமையல் டென்ட்டில் வெந்நீர் வாங்கி பாட்டிலில் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.