மூன்று ஆண்டுகள், ஒரு பூட்டு வளையம்: என் டிரையல்ஸ் பைக்கின் பின் சஸ்பென்ஷன்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "நீங்கள் ஓட்டும் அதே மாடல், அதே ஆண்டு, நல்ல விலைக்கு வருகிறது. வாங்கட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. பைக்கின் பின்பாதி முழுவதும் கழன்று கராஜ் தரையில் செய்தித்தாள் மேல் கிடந்தது. என் வலது பெருவிரலில் தோல் உரிந்திருந்தது. "பிறகு சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பிறகு இதுதான்.

பாறையிலும் ஓடையிலும் காலை ஊன்றாமல் ஓட்டிக் கடக்க வேண்டிய போட்டிதான் டிரையல்ஸ். பைக் 300 சிசி டூ-ஸ்ட்ரோக். எடை எழுபது கிலோவுக்குப் பக்கம். மற்ற விவரங்கள் கேட்டவருக்குத் தெரியும், பிராண்ட் பெயரும் தெரியும். நான் திட்டப்போவதால் அதை இங்கே எழுதவில்லை. எஞ்சின், கிளட்ச், பிரேக் மூன்றிலும் இந்த மூன்று ஆண்டுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளட்ச் நெம்புகோலை ஒரே விரலால் பிடித்து, பைக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குப் பொறுமை இல்லை. பேச வேண்டியது பின் ஷாக் அப்சார்பரைப் பற்றி.

நான் வாங்கும்போது இது ஒரு கை மாறிய பைக். முந்தைய உரிமையாளர் ஒல்லியான மனிதர். ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து நான் 86 கிலோ. விற்பனைக்கு முன் சர்வீஸ் செய்த கடையில், பின் சஸ்பென்ஷனை என் எடைக்கு அமைத்துத் தரும்படி கேட்டேன். "அமைத்தாயிற்று" என்றார்கள். ரசீதிலும் எழுதியிருந்தார்கள். நம்பினேன்.

அந்த முதல் பருவம் முழுக்க ஒரே வியாதி. இங்கே இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் போட்டிப் பகுதிகள் பெரும்பாலும் ஓடைக்குள்ளேதான் இருக்கும். பாசி பிடித்த பாறை, முழங்கால் ஆழத் தண்ணீர், கரையேறியதும் ஒரு கூர்மையான திருப்பம். அந்தத் திருப்பத்தில் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளிப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஒருமுறை காலை ஊன்றினால் 1 புள்ளி, விழுந்தால் 5. இந்த விளையாட்டில் புள்ளி குறைந்தவர்தான் வெல்வார். என் அட்டையில் ஐந்துகள் வரிசையாக நின்றன. முன் டயரைக் குறை சொன்னேன். முன் ஃபோர்க் எண்ணெயை மாற்றினேன். மழையைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடவும் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் கூடமும் கோணலாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு அளந்தேன். பைக்கின் அடியில் மரப்பெட்டி வைத்து, பின்சக்கரத்தை அந்தரத்தில் விட்டு, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒட்டிய டேப் வரை அளப்பது முதல் எண். பெட்டியை எடுத்துவிட்டுப் பைக் தன் எடையில் நிற்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பது அடுத்தது. அதை நான் வெற்று அமிழ்வு என்பேன். நான் ஃபுட்பெக்கில், அதாவது கால் வைக்கும் கட்டையில் ஏறி, ஓட்டும்போது நிற்பதுபோலவே நின்றால் எவ்வளவு இறங்குகிறது என்பது ஆள் அமிழ்வு. டிரையல்ஸ் பைக்கில் இருக்கை என்று ஒன்று கிடையாது. ஆகவே உட்கார்ந்து அளப்பதில் பொருளில்லை. சுவரை ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பின் பிரேக்கை மிதித்திருந்தால் சக்கரம் உருள முடியாமல் எண் பொய் சொல்லும். இதெல்லாம் எனக்கு ஒரே நாளில் வந்த அறிவு இல்லை.

"அப்பா, வெற்று 15. நீங்கள் ஏறினால் 68."

பின் சஸ்பென்ஷனின் மொத்தப் பயணம் சுமார் 170 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஆள் அமிழ்வாகப் போகலாம் என்பது பொதுக் கணக்கு. எனக்கு 57 இருக்க வேண்டும். பின்புறம் 11 மில்லிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. பின்புறம் தாழ்ந்தால் முன்புறம் நிமிரும். முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். திருப்பத்தில் அது வழுக்காமல் என்ன செய்யும்? "அமைத்தாயிற்று" என்று எழுதிக் கொடுத்த கையை நினைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் வளையம் ஒன்று, அதைப் பூட்டும் வளையம் இன்னொன்று, இரண்டும் ஷாக்கின் மேல்பகுதியில் இருக்கின்றன. இருக்கின்றன என்பது ஒரு நம்பிக்கைதான். கண்ணுக்குத் தெரியாது. பின் மட்கார்டைக் கழற்ற வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டியைத் தூக்க வேண்டும். அப்புறம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தால், சட்டத்துக்கும் பெட்டியின் பிளாஸ்டிக் விளிம்புக்கும் இடையில் வளையத்தின் இரண்டு பள்ளங்கள் மட்டும் தெரியும். கொக்கி ஸ்பேனரை நுழைத்து ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு திருப்பலாம். எடுத்து, மறுபடி மாட்டி, இன்னொரு பங்கு. ஒரு முழுச்சுற்றுக்கு அமிழ்வு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மாறுகிறது. 11 மில்லிமீட்டருக்கு முப்பது தடவை ஸ்பேனர் மாட்ட வேண்டும். இருபதாவது தடவையில் அது வழுக்கி, என் விரல் சட்டத்தில் மோதும். ஒவ்வொரு முறையும் அதே இருபதில், அதே விரல்.

எங்கள் வட்டாரத்து மனிதர்தான் மார்ட்டின் லாம்ப்கின். 1975இல் டிரையல்ஸ் உலகப் பட்டப் போட்டி தொடங்கியபோது முதல் பட்டத்தைப் புல்டாகோ பைக்கில் வென்றவர். அந்தக் காலத்துப் பைக்குகளில் இரண்டு ஷாக்குகள் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே நின்றன. குனிந்தால் கை எட்டும். முன்னேற்றம் என்ற பெயரில் ஒரே ஷாக்கை நடுவில் புதைத்து, அதன் மேல் ஒரு பெட்டியையும் கவிழ்த்தார்கள். ஷாக்கைப் பின்சக்கரத்தோடு சேர்க்கும் நெம்புகோல் இணைப்பால் கிடைக்கும் நன்மையை நான் மறுக்கவில்லை. அதிக ஆழத்துக்குப் போகப் போக ஷாக் கடினமாவது நல்ல விஷயம்தான். ஆனால் வளையத்தைத் திருப்பும் ஒரு கையும் இந்த உலகில் உண்டு என்பதை வரைபடம் போட்டவர் ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம்.

ஒருவழியாக ஆள் அமிழ்வு 57க்கு வந்தது. வெற்று அமிழ்வோ 4ஆகச் சுருங்கிவிட்டது. இறக்கத்தில் பின்சக்கரம் பாரமிழக்கும்போதெல்லாம் ஷாக் முழுநீளத்துக்கு நீண்டு, உள்ளே "டக்" என்று மோதும். இதைத்தான் நான் புரிந்துகொள்ளத் தாமதித்தேன்: வளையத்தை இறுக்குவதால் ஸ்பிரிங் கடினமாகாது. பைக் நிற்கும் உயரம் மட்டுமே மாறும். ஆள் அமிழ்வு சரியாக இருந்தும் வெற்று அமிழ்வு காணாமல் போனால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது என்று பொருள். வெற்று அமிழ்வு அளவுக்கு மீறி இருந்தால் அது கடினமானது. எடை கூடிய ஆளுக்கான ஸ்பிரிங் ஒன்றை 90 பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கிப் போட்டேன். வெற்று 12, ஆள் 57. விரல் மறுபடி உரிந்தது.

இரண்டாம் ஆண்டு பொற்காலம். பின் டயரில் 4 பிஎஸ்ஐ காற்று மட்டும் வைத்து ஈரப்பாறையில் ஏறினால், டயர் பாறையைக் கையால் பிடிப்பதுபோலப் பிடித்தது. அதே ஓடை, அதே திருப்பம், முன்சக்கரம் நான் பார்த்த இடத்துக்கே போனது. நான் மாறவில்லை, பைக்தான் மாறியிருந்தது.

இந்த ஆண்டு மறுபடி கோளாறு. ஒரு நாள் பாறையில் ஒட்டுகிறது, மறுநாள் உதைத்துத் தள்ளுகிறது. அளந்தால் 57, புத்தகத்தில் போடலாம். ஷாக் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை அப்படியும் இப்படியும் திருப்பிச் சலித்தேன். கடைசியில் மகள்தான் பிடித்தாள். "அப்பா, நீங்கள் அமுக்கிவிட்டு நின்றால் 61. நான் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் 52." இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 57. நான் இத்தனை நாளும் சராசரியைப் பார்த்து மகிழ்ந்திருந்தேன். விட்ட இடத்திலேயே பைக்கைச் சிக்க வைக்கும் 9 மில்லிமீட்டர் உராய்வு அதற்குள் ஒளிந்திருந்தது.

நெம்புகோல் இணைப்பைக் கழற்றினேன். ஊசி பேரிங்கிலிருந்து கிரீஸ் வரவில்லை, செம்பழுப்பு மாவு கொட்டியது. ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் உயர் அழுத்தத் தண்ணீரை நேராக அங்கேயே அடித்துக் கழுவியவன் நான்தான். பைக்கின் மேல் பழிபோட இங்கே வழியில்லை. போட மனமிருந்தது. புதிய பேரிங்குகள், புதிய சீல்கள், தாராளமாக கிரீஸ். பூட்டி அளந்தால் 57க்கும் 58க்கும் இடையில் நின்றது. நண்பர் கூப்பிட்டது இதற்கு முந்தைய நாள்.

நேற்று மழையில் ஓட்டிப் பார்த்தேன். பின்சக்கரம் படிக்கட்டுப் பாறையில் சத்தமே இல்லாமல் ஏறி அமர்ந்தது. இறங்க மனமில்லாமல் அந்த ஒரே பாறையில் இருபது தடவை ஏறினேன்.

ஆகவே என் பதில்: வாங்க வேண்டாம். உங்கள் எடை என்னைவிடக் கூட. முதல் நாளே ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருக்கும், அந்த வளையத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், என்னைத் திட்டுவீர்கள். என் பைக்கை விற்பீர்களா என்று மட்டும் கேட்க வேண்டாம், விற்கமாட்டேன். இதையும் மீறி வாங்கிவிட்டால், அந்த இடுக்குக்குள் நுழைவதற்காகவே கைப்பிடியை அறுத்துக் குட்டையாக்கி, முனையை அராவி வைத்த கொக்கி ஸ்பேனர் ஒன்று என் கராஜில் ஆணியில் தொங்குகிறது. எடுத்துப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பி வர வேண்டும்.