இடது முன்பக்கம் இரண்டு விரல்

போன வாரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, உங்க வண்டி மாதிரியே ஒண்ணு சென்னையில வருது. 2017 மாடல். விலை நல்லா இறங்கியிருக்கு, எடுத்துடட்டுமா?" என்றான். விலை இறங்கியிருப்பது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியதில், செஸ்ஸோடு சேர்த்து 48, 50 சதவீதம் என்று இருந்த பெரிய கார் வரி 40 ஆனது. புது வண்டி விலை குறைந்தால் பழைய வண்டி வைத்திருப்பவரும் குறைத்துத்தானே ஆகவேண்டும். எடு, எடுக்காதே என்று ஒரே வார்த்தையில் அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

என்னுடையது 2016 மாடல் ஜெர்மன் செடான், டீசல். 2021-இல் 58,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியாக வாங்கினேன். இப்போது 1,04,000. கம்பெனி பெயரை எழுதவில்லை, சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றின் மேல் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள எந்த வண்டிக்கும் நான் சொல்வது பொருந்தும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஏசி எதிலும் இந்த நாலரை வருஷத்தில் எனக்குக் குறை இல்லை. அதனால் அவற்றைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை.

இந்த வண்டியை நான் வாங்கியதே அம்மாவுக்காக. இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. மாதம் ஒரு தடவை மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் டாக்டரிடம் போய்வரவேண்டும். முன்பு இருந்த வண்டியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தஞ்சாவூர் போய்ச் சேரும்போது விரல் கணுக்கள் வெளுத்திருக்கும். இந்த வண்டியில் முதல் தடவை போனபோது வடுவூர் ஏரி தாண்டுகையில் கண்ணாடியில் பார்த்தேன். கை இரண்டும் மடியில் கிடக்க, அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு காட்சிக்காக இந்த வண்டிக்கு நான் எவ்வளவோ பொறுத்துப் போயிருக்கிறேன்.

இதில் இரும்புச் சுருள் கிடையாது. நான்கு சக்கரத்திலும் ரப்பர் பைக்குள் காற்று. பின்னால் இரண்டு பேர் ஏறினாலும் டிக்கியில் அரிசி மூட்டை போட்டாலும் சென்சார் பார்த்துக் காற்றைக் கூட்டி வண்டியை மட்டமாக நிறுத்தும். ஒரு பட்டன் தட்டினால் இரண்டு விரற்கடை உயரும். அறுவடை நேரத்தில் நம் பக்கத்து ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதில் சக்கரம் படாமல் மண் ஓரத்தில் இறங்கி ஏறவேண்டும். கேஜ் வீல் போட்ட டிராக்டர் வயலிலிருந்து இழுத்து வந்து போட்ட களிமண் கட்டிகள் வேறு காய்ந்து கல்லாகக் கிடக்கும். அங்கேயெல்லாம் அந்த இரண்டு விரற்கடைதான் அடிப்பாகத்தைக் காப்பாற்றியது.

சரி, தொல்லைக்கு வருகிறேன். போன தீபாவளி கழிந்த வாரம். நல்ல மழை. குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்த சமயம். காலையில் கொட்டகைக்குப் போனால் வண்டியின் இடது முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. டயருக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவே எப்போதும் நான்கு விரல் நுழையும். அன்று இரண்டுதான் நுழைந்தது. ஸ்டார்ட் செய்ததும், பைகளுக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் உறுமி, அரை நிமிஷத்தில் தூக்கிவிட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் இரண்டு விரல். நடு ராத்திரியில் பூட்டிக் கிடக்கும் வண்டி தானாக விழித்து, உயரத்தைச் சரிசெய்யக் கம்ப்ரஸரை ஓட்டும் சத்தம் அம்மா படுக்கும் அறை வரை கேட்டது. இப்படிக் கேட்டால் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். எங்கேயோ கசியும் காற்றை ஈடுகட்ட அது ஓவர்டைம் ஓடுகிறது என்று அர்த்தம். சூடேறிச் சூடேறிக் கடைசியில் அதுவும் போகும்.

சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஸ்கேனர் போட்டார்கள், இடது முன் ஏர் ஸ்ட்ரட், அதாவது அந்தச் சக்கரத்தைத் தாங்கும் காற்றுப் பைத் தூண், போய்விட்டது என்றார்கள். கழற்றி, ரப்பர் மடிப்பில் இருந்த மெல்லிய வெடிப்புகளையும் காட்டினார்கள். ஒன்பது வருஷ ரப்பர், வெடித்திருப்பதில் ஆச்சரியமில்லை. புதிது போட்டு, கூலியோடு 1,74,000 ரூபாய். பழையதைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆறாம் நாள் காலை. இரண்டு விரல்.

அந்தக் காலையில் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. போன் செய்தால் "அப்போ வால்வ் பிளாக்கா இருக்கலாம் சார், கம்ப்ரஸரும் வீக்கா இருக்கலாம், ரெண்டையும் சேர்த்து மாத்திடலாம்" என்றார் அட்வைசர். எஸ்டிமேட் 1,38,000. இருக்கலாம், இருக்கலாம் என்று சொல்லியே மூன்று லட்சம் ஆகிறது. ஒரு மூலை மட்டும் இறங்கினால் கோளாறு அந்த மூலையில்தான் தேடவேண்டும். அந்த மூலையின் ஸ்ட்ரட், அதற்குப் போகும் குழாய், நான்கு மூலைக்கும் காற்றைப் பிரித்து விடும் வால்வ் பிளாக்கில் அதற்குரிய வால்வ், இவ்வளவுதான். கம்ப்ரஸர் போயிருந்தால் இறங்கிய வண்டியைத் தூக்கவே முடியாது. என் வண்டி அரை நிமிஷத்தில் எழுந்து நிற்கிறது. இதை நானே யோசித்துக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், தினமும் இதையே பார்க்கிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். வெடிப்பு பொய் இல்லை, என் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது தடவை நான் கத்தியபோதும் அட்வைசர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் ஒரு குவளை சோப்புத் தண்ணீர் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றியது தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக் அண்ணனுக்கு. எங்கள் மில் லாரிகளுக்கு முப்பது வருஷமாக ஏர் பிரேக் பார்க்கிறவர். இந்த மாதிரிக் காரை அவர் தொட்டதே இல்லை. தயங்கித்தான் கேட்டேன். "லாரின்னா என்ன, காருன்னா என்ன தம்பி? காத்து எங்கே போவுதுன்னு பாக்கணும், அவ்வளவுதானே" என்றார். முதல் வேலையாக மெனுவில் ஜாக் மோடைப் போடச் சொன்னார். போடாமல் ஜாக்கி வைத்தால், உயரம் மாறிவிட்டது என்று நினைத்து வண்டி காற்றை இறக்கிவிடும். அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தார். பாத்திரம் விளக்கும் சோப்பைக் குழைத்து, பெயின்ட் பிரஷால் ஸ்ட்ரட்டின் மேல்முனையிலிருந்து பூசிக்கொண்டே வந்தார். புது ஸ்ட்ரட்டில் ஒன்றும் இல்லை. குழாயை இணைக்கும் யூனியனில் ஒன்றும் இல்லை. மெல்லிய நைலான் குழாய் வளைந்து உள்ளே திரும்பும் இடத்தில் பிரஷ் நின்றது.

கடுகளவு ஒரு குமிழி. பார்த்துக்கொண்டே இருக்கையில் மிளகளவாகி, நெல்லிக்காய் அளவுக்கு ஊதி உடைந்தது. அடுத்தது கிளம்பியது. துணியால் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார். குழாயின் மேல் இரண்டிரண்டாக நான்கு பள்ளங்கள். மூன்று மேலாகக் கீறியதோடு சரி. நான்காவது, ஊசி நுனி அளவுக்கு உள்ளே இறங்கியிருந்தது.

எலிப் பல்.

மழையில் வயல் வளைகளில் தண்ணீர் ஏறினால் வயலெலி மேட்டுக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் மேடு என்றால் கார் கொட்டகை. அதற்கு ஒட்டினாற்போல் வைக்கோல் போர். சூடான எஞ்சின், மழை படாத இடம், பக்கத்திலேயே தீனி. எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும். அதற்கு என் வண்டியின் காற்றுக் குழாய் கிடைத்திருக்கிறது.

அண்ணன் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, குழாய் அளவுக்குச் சரியான அழுத்திப் பொருத்தும் யூனியன் ஒன்றைப் போட்டார். திரும்ப சோப்பு பூசி, ஒரு டீ குடித்து வரும் நேரம் காத்திருந்து பார்த்தோம். சொட்டு நுரை அசையவில்லை. மொத்தம் 1,200 ரூபாய். நான் கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, தை அறுவடையும் முடிந்துவிட்டது, இடது முன்பக்கம் தினமும் நான்கு விரல்.

எலிக்கு அந்துருண்டை போட்டுப் பார்த்தேன், அதன் பக்கத்திலேயே எச்சம் கிடந்தது. வயலில் கிட்டி வைக்கிறவரை வீட்டுக்கே கூப்பிட்டேன். மூங்கிலை வில்லாக வளைத்து வைக்கும் தஞ்சாவூர் கிட்டிதான். கொட்டகையைச் சுற்றி வரிசையாக வைத்து மூன்று ராத்திரியில் பதினொரு எலி எடுத்தார். வைக்கோல் போரைக் கொல்லைக் கடைசிக்கு மாற்றிவிட்டேன். டெல்டாவில் கார் வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள், எந்தக் காராக இருந்தாலும் சரி.

ஈரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கம்ப்ரஸரோடு ஒரு டிரையர் இருக்கும், உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கசிவு இருந்தால் கம்ப்ரஸர் அதிகம் ஓடி, டிரையர் ஊறிப்போய், ஈரம் வால்வ் பிளாக் வரை போகும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லையே கொள்முதலில் திருப்பி அனுப்புகிற ஊர் இது. ஈரம் ஒரு பொருளை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என்றைக்காவது கம்ப்ரஸர் மாற்றும் நிலை வந்தால், அதற்குக் கரன்ட் கொடுத்து நிறுத்தும் ரிலேவையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகும்.

இனி மாப்பிள்ளைக்கு.

அந்தச் சென்னை வண்டியைப் பகலில் போய்ப் பார்த்து ஓட்டிவிட்டு முடிவு செய்யாதே. முதல் நாள் சாயங்காலமே ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் யாரும் சாவி போடுவதற்கு முன்னால் போய் நில். நான்கு சக்கரத்திலும் விரல் வைத்து அளந்து பார். ஒரு மூலை இறங்கியிருந்தால் அந்த மூலையில் வேலை. முன்பக்கம் இரண்டும், அல்லது நான்கும் இறங்கியிருந்தால் வால்வ் பிளாக்கையும் சந்தேகப்படு. பட்டன் போட்டு ஏற்றி இறக்கி, கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் உறுமுகிறது என்று கேள். சுருள் ஸ்பிரிங் மாற்றி வைத்த வண்டி என்றால் அங்கேயே திரும்பி வந்துவிடு. அதற்கு அந்தக் கார் எதற்கு?

பழைய ஸ்ட்ரட் ஒன்று டிக்கியில் வந்தது என்றேன் இல்லையா, அது இன்னும் மில்லில் கிடக்கிறது. போன மாதம் அண்ணன் வந்திருந்தபோது அதில் கொஞ்சமே கொஞ்சம் காற்று ஏற்றி, நெல் ஊறவைக்கும் தொட்டியில் அமுக்கினோம். அரை மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு குமிழி வரவில்லை. "இத வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி, வண்டி எடை மேல உக்காந்தாத்தான் வெடிப்பு வாயைத் திறக்கும்" என்றார். இருக்கலாம். அப்படியென்றால் அந்த 1,74,000 வீணா இல்லையா என்பது எனக்குத் தெரியப்போவதே இல்லை. அம்மா அன்றைக்கு வடுவூரில் தூங்கியதுபோல இன்றைக்கும் தூங்குகிறார், அடுத்த மாதமும் தூங்குவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நீ எடுக்காதே மாப்ளே. உன் வீடும் வயலை ஒட்டித்தான் இருக்கிறது, அங்கே கிட்டத்தில் சோப்புத் தண்ணீர் எடுக்கத் தெரிந்த ஆள் உனக்கு இல்லை.