தள்ளுவதா, கேபிள் போடுவதா, ஆளைக் கூப்பிடுவதா?

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை. முகூர்த்தத்துக்குக் கிளம்பி, வெள்ளை வேட்டியோடு காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ‘டக டக டக’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. வாசலில் கூடிய நான்கு பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தள்ளலாம் என்றார். எதிர்வீட்டு அண்ணன், இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கேபிளைக் கொண்டுவரப் போனார். மைத்துனர் பேட்டரிக் கடைக்குப் போன் போட்டார். அப்பாவோ, அந்தக் காலத்து அம்பாசிடர் என்றால் முன்பக்கம் இரும்புக் கம்பியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்று பெருமூச்சு விட்டார்.

எந்த வைத்தியம் சிறந்தது என்று வாதாடுவதற்கு முன்னால் சத்தத்தைக் கேட்க வேண்டும். படபடவென்று அடித்து, டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பேட்டரியில் சக்தி போதவில்லை. விளக்குகள் பளிச்சென்று எரிய, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால் சந்தேகம், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மீது. செல்ஃப் ஜோராகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் பெட்ரோல் போகவில்லை, அல்லது தீப்பொறி இல்லை, அல்லது சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. இந்தக் கடைசி வகைக்குத் தள்ளினாலும் பயனில்லை, கேபிள் போட்டாலும் பயனில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

தள்ளுவதற்கு நம் ஊரில் தனி மரியாதை உண்டு. செலவில்லை, ஆள் பலம் இருக்கிறது. சாவியை ஆன் செய்து, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் போட்டு, வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் பிடித்த கணமே மறுபடி மிதிக்க வேண்டும். ஆனால் பேட்டரி அடியோடு செத்த வண்டிக்குத்தான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். அங்கேதான் இது தோற்கும். இன்றைய கார்களில் பெட்ரோல் பம்புக்கும் இன்ஜினை நடத்தும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். அது கொஞ்சமும் இல்லாவிட்டால் தெருக்கோடி வரை தள்ளினாலும் மூச்சு வாங்குவது நமக்குத்தான். பேட்டரி நன்றாக இருந்து செல்ஃப் மோட்டார் கெட்ட வண்டிக்கோ இது அருமையான வழி. அந்த இடத்தில் கேபிளால் எதுவும் ஆகாது. தள்ளிக் கிளப்ப முடியாத ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இறுகும், ஸ்டீயரிங் கனக்கும். சரிவில் தள்ளும்போது இது விளையாட்டல்ல. பத்து முறை முயன்றால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைக் கெடுக்கும். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

‘டக டக’ சத்தத்துக்கு என் ஓட்டு கேபிளுக்கு. சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்ட வேண்டும். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையைச் செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளிக் கடிக்கவிட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும்; பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. கழற்றும்போது இதே வரிசை தலைகீழ். கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. தடித்த ரப்பருக்குள் நூல்போலக் கம்பி வைத்து விற்கிறார்கள். சின்ன பெட்ரோல் காருக்கே 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டும், டீசலுக்கு 25. அண்ணன் கொண்டுவந்தது அந்த நூல் வகை. மூன்று முறை சாவியைத் திருப்பியதில் கேபிள் கையில் சுட்டதே தவிர, வண்டி அசையவில்லை.

செத்த பேட்டரியில் மாட்டி வண்டியைக் கிளப்பும் கையடக்க லித்தியம் பவர் பேக் நான் பிறகு வாங்கியது. இரவில் தனியாக ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. இன்னொரு காரைத் தேட வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் போட மறந்தால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவைக்கவே கூடாது. காரில் வைக்க முடியாத பொருளைக் காருக்காக வாங்குவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆளைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் புது பேட்டரியோடு வருகிறவரின் கண்ணுக்குப் பழைய பேட்டரி எப்போதும் கெட்டதாகவே தெரியும். மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. முழு சார்ஜிலும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அது 12.4இலேயே நின்றால் குற்றவாளி, ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர். அதைச் சரிசெய்யாவிட்டால் புது பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும். நம் வெயிலுக்கு ஒரு பேட்டரி மூன்று நான்கு ஆண்டு உழைத்தாலே பெரிது. அந்த வயதைத் தாண்டியிருந்தால் பேரம் பேசாமல் மாற்றிவிடலாம்.

அன்று காலை என்ன ஆனது என்று சொல்லவில்லையே. கேபிளைக் கழற்றும்போதுதான் அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். பிளஸ் டெர்மினல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, கவ்வி ஆடிக்கொண்டிருந்தது. “தம்பி, பேட்டரி சாகவில்லை, வாய்தான் அடைத்திருக்கிறது” என்றார். மைனஸை முதலில் கழற்றி, அடுத்துப் பிளஸ். சமையலறையிலிருந்து ஆப்ப சோடா கரைத்த வெந்நீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் வந்தன. தேய்த்துத் துடைத்து, 10ஆம் நம்பர் ஸ்பானரால் இறுக்கி, சாவியைத் திருப்பியதும் முதல் அடியிலேயே எழுந்தது. பேட்டரிக் கடைக்காரருக்கு வர வேண்டாம் என்று மைத்துனர் மறுபடி போன் போட்டார். தாலி கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். வேட்டி சலவைக்குப் போய் வந்தபோது முழங்காலுக்குக் கீழே கடுகு கடுகாக ஓட்டைகள் இருந்தன. அமிலம் தெறித்த இடங்கள்.