தலைக்கவசமா, ஹெல்மெட்டா?

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிள்காரர் பேச்சில் ‘ஹெல்மெட்’ என்பதை, எழுத்தில் ‘தலைக்கவசம்’ என்கிறோம். ஹெல்மெட் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூடுதல், மறைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த ‘ஹெல்ம்’ என்ற ஜெர்மானியச் சொல்லோடு, சிறுமை உணர்த்தும் விகுதி சேர்ந்து அது உருவானது.

‘தலை’ தமிழ், ‘கவசம்’ வடமொழி, போரில் உடலைக் காத்த சட்டையைக் குறித்தது. முருகனிடம் ஒவ்வோர் உறுப்புக்கும் காவல் வேண்டிப் பாடும் பாடலையும், மண்டூர், திருக்கோவில் ஆகிய ஊர்களில் உள்ள அடியார்கள் கவசம் என்றே அழைப்பதால், இச்சொல்லில் மூடுதலைவிடக் காத்தலே மேலோங்கி நிற்கிறது. ஆகவே எழுதும்போது இதையே நான் தேர்கிறேன். பேச்சில் ஹெல்மெட் இருக்கட்டும். அது நாவுக்குப் பழகிவிட்டது.