குழந்தைகளின் மனக்காயத்தைக் கண்டறிய எந்தப் படிவம்?

கலிஃபோர்னியாவில், வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடி-கால் திட்டத்தின்கீழ் வரும் குழந்தைகளிடம் வன்கொடுமை, புறக்கணிப்பு போன்ற பாதகமான குழந்தைப்பருவ அனுபவங்கள் குறித்து முறைப்படி விசாரிக்கும் மருத்துவர்களுக்கு, ஒரு விசாரிப்புக்கு 29 டாலர் வீதம் 2020 ஜனவரி முதல் வழங்கப்படுகிறது. குழந்தைகளுக்கு அத்திட்டம் ஏற்றுக்கொண்ட படிவம் ‘பேர்ல்ஸ்’. தொகை கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது.

பேர்ல்ஸின் முதல் பகுதியில் 10 கேள்விகள் உள்ளன. உணவுப் பற்றாக்குறை, பாகுபாடு, நிலையற்ற குடியிருப்பு ஆகியவற்றை விசாரிக்கும் இரண்டாம் பகுதிதான் அதன் உண்மையான பலம். எந்த அனுபவம் நேர்ந்தது என்று குறிக்காமல், மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதித் தரும் வடிவமும் இதில் உண்டு. குழந்தைகள் நல அதிகாரிகளுக்கு அஞ்சும் பெற்றோர் இதனால் ஓரளவு தயக்கமின்றிப் பதிலளிக்கிறார்கள். ஆனால் படிவத்தில் ‘3’ என்று மட்டும் இருந்தால், அது பெற்றோரின் மணமுறிவையும் தந்தையின் சிறைவாசத்தையும் உள்ளடக்கியதா, பாலியல் வன்முறையை உள்ளடக்கியதா என்பது மருத்துவருக்குத் தெரியாது. இவ்வகை எண்ணிக்கைக்கு அடித்தளமான 1998ஆம் ஆண்டு ஆய்வை நடத்தியவர்களுள் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, மக்கள்தொகை ஆய்வுக்காக உருவான அந்த மதிப்பெண்ணைத் தனி ஒருவரின் ஆபத்தைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என 2020இல் எச்சரித்தார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உருவான ‘சிடிஎஸ்’ என்ற மனக்காயப் படிவம் நிகழ்வுகளோடு நில்லாமல், குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் கேட்கிறது. நிகழ்வுகளுக்கு 4 கேள்விகள், எதிர்வினைகளுக்கு 6: நடந்ததை நினைத்தால் நெஞ்சு படபடக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, பாடத்தில் கவனம் நிற்கவில்லையா என்பன போன்றவை. 6 வயது முதல் 17 வயது வரை இது பொருந்தும், கட்டணம் கிடையாது. அவசரமான மருத்துவமனைச் சூழலில் நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

‘கேட்ஸ்’ என்ற மற்றொரு மனக்காயப் படிவம் இன்னும் ஆழமானது. 15 நிகழ்வுகளையும் 20 அறிகுறிகளையும் விசாரிப்பதால், மனநல நிபுணரிடம் அனுப்புவதற்கு முன் இரண்டாம் கட்டமாக இது பயன்படும். வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுப்பதற்கு இது நீளம்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிய கேள்வி சிடிஎஸ்ஸில் இல்லை என்பது பெருங்குறை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உருவான மற்றொரு மனக்காயப் படிவத்தில், 11 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் அது நேரடியாகக் கேட்கப்படுகிறது. ஆகவே 11 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு யூட்டா படிவத்தையும், 6 முதல் 10 வயதுள்ளோருக்கு சிடிஎஸ்ஸையும் பரிந்துரைப்பேன். 6 வயதுக்குட்பட்டோருக்கு பேர்ல்ஸ் ஏற்றது. ஆனால் உணவு உதவிக்கும் குடும்ப ஆலோசனைக்கும் அனுப்ப ஓர் இடத்தை முன்னரே உறுதிசெய்துகொண்ட பிறகே அதைத் தொடங்க வேண்டும்.