ஜி லீக்கா, ஐரோப்பாவா? டிராஃப்டில் விடுபட்டவர் முன்னால் இரண்டு வழிகள்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் என்பது இரண்டே சுற்று, அதிகபட்சம் 60 பெயர். அமெரிக்காவின் முதல்நிலைக் கல்லூரிப் போட்டிகளில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. அதனால் நன்றாக ஆடுகிறவர்களிலும் பெரும்பாலானோரின் பெயர் அந்த இரவில் வராது. ஜூலையில் லாஸ் வேகஸில் நடக்கும் சம்மர் லீக்கில் சிலருக்கு வாய்ப்பு கிடைக்கும். அப்புறம் ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: அமெரிக்காவிலேயே, என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில் ஆடுவதா, ஐரோப்பாவுக்குப் போவதா?

"கதவுக்குப் பக்கத்திலேயே இரு" என்பதுதான் வழக்கமான அறிவுரை. அதில் பாதிதான் சரி என்பது என் எண்ணம். ஏனென்றால் ஜி லீக்கில் ஆடுகிற எல்லாருடைய நிலையும் ஒன்றல்ல.

2017-இல் வந்த டூ-வே ஒப்பந்தம் ஒரு வகை. இப்போது ஒவ்வொரு அணிக்கும் இதில் மூன்று இடங்கள். வீரர் ஒரு பருவத்தில் 50 ஆட்டங்கள் வரை என்.பி.ஏ. அணியோடு இருக்கலாம், மற்ற நாட்களில் ஜி லீக். சம்பளம் புதுமுகத்தின் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி; 2024-25-இல் அது சுமார் 5,78,000 டாலர். முழு ஒப்பந்தமாக மாற்றினால் ஒழிய, பருவ இறுதியில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபில் ஆட முடியாது. டங்கன் ராபின்சன் 2018-இல் மயாமி ஹீட் அணியில் இப்படித்தான் நுழைந்தார். 2021-இல் அதே அணி அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் கொடுத்தது. இரண்டாம் சுற்றில் எடுக்க நினைத்த அணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லேக்கர்ஸ் அணியின் டூ-வே ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஆஸ்டின் ரீவ்ஸ். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: 55-ஆவதாக எடுக்கப்பட்டவர் எடுத்த அணியிடம்தான் பேச முடியும். எடுக்கப்படாதவர், தான் ஆடும் இடத்துக்கு ஆள் குறைவாக இருக்கும் அணியாகப் பார்த்துச் சேரலாம்.

எக்ஸிபிட் 10 ஒப்பந்தம் வேறு கதை. பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் முகாம் முடிவதற்குள் விடுவித்துவிடுவார்கள். அந்த அணியின் ஜி லீக் கிளையில் 60 நாள் இருந்தால் ஒரு போனஸ். 2023-24-இல் அதன் உச்சவரம்பு 75,000 டாலர். ஜி லீக் பருவச் சம்பளமோ 40,000 டாலரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இதில் உள்ள ஒரே பெரிய லாபம், ஜனவரியிலிருந்து எந்த என்.பி.ஏ. அணியும் பத்து நாள் ஒப்பந்தத்தில் அழைத்துக்கொள்ளலாம் என்பது.

ஐரோப்பாவில் சாதாரணமாகக் கிளப்பே வீடும் காரும் கொடுக்கும். சம்பளத்தையும் வரி போகக் கைக்கு வரும் தொகையாகவே பேசுவார்கள். ஆனால் பல லீக்குகளில் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்த இடத்தில் வந்தவரைப் பொறுமையாக வளர்த்தெடுக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். முதல் மாதத்திலேயே ஜெயிக்க வைக்க வேண்டும். ஆட்டமும் வேறு. மொத்தம் 40 நிமிடம்தான். தடுப்பவர் யாரையும் மறிக்காமல் கூடைக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற என்.பி.ஏ. விதி அங்கே கிடையாது என்பதால் உயரமானவர் கூடைக்குக் கீழேயே நிற்பார், வேகத்தை மட்டும் நம்பி உள்ளே நுழைய முடியாது. சம்பள பாக்கியும் அங்கே நிஜமான தொல்லை. இதைத் தீர்க்கவே 2007-இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா ஒரு நடுவர் மன்றம் அமைத்தது.

யூடோனிஸ் ஹாஸ்லம் 2002-இல் விடுபட்டார். ஒரு வருடம் பிரான்ஸின் ஷலோனில் ஆடினார், உடல் எடையைக் குறைத்தார், 2003-இல் மயாமி ஹீட்டுக்கு வந்தார். அங்கே 20 பருவங்கள், மூன்று கோப்பைகள். மைக் ஜேம்ஸின் வழி இதற்கு நேர்மாறு. 2012-இல் விடுபட்டவர், 2017-இல் என்.பி.ஏ.வின் ஃபீனிக்ஸ் அணியில் டூ-வே வீரராக இருந்து முழு ஒப்பந்தமும் பெற்றார். சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா திரும்பிய அவர்தான் இன்று ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டியான யூரோலீக்கின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர், 2023-24-இன் மிகச் சிறந்த வீரர். அவரைத் தோற்றவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

என் கணக்கு இது. டூ-வே கிடைத்தால் தயங்காமல் கையெழுத்துப் போடலாம். எக்ஸிபிட் 10 மட்டும்தான் என்றால், ஒரு பருவம் முயன்று பார்க்கலாம். இரண்டாவது பருவமும் அதே நிலை என்றால் ஐரோப்பாதான். பிராட் வானமேக்கர் அப்படிப் பல வருடம் இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி என்று ஆடிவிட்டு, 2018-இல் 29 வயதில் பாஸ்டனுக்காக என்.பி.ஏ.வில் இறங்கினார். போகிறவர் ஏஜென்ட்டிடம் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது: கோடையில் என்.பி.ஏ. அழைத்தால் கிளப்புக்கு எவ்வளவு பணம் கட்டி, எந்தத் தேதிக்குள் வெளியே வரலாம்?